மேட்டில் கொடுத்த வளையம்

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு ஏரிக்கரையில் ஒரு பெண் என் மகள் இம்மியின் தோளில் எண் எழுதினாள். தடித்த கறுப்புப் பேனா. தோளில் 57. கெண்டைக்காலில் வயது, 9. எழுதி முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளை எனக்குத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்றாள். கேட்கும்போதே தலையைச் சாய்த்து என் கையைப் பிடித்தாள்.

"நல்லா இருக்கேன்."

எங்கள் டவுப்போ பெரிய ஊர் இல்லை. பதினான்கு மாதங்களாக எல்லோரும் என்னிடம் தலையைச் சாய்த்துத்தான் பேசுகிறார்கள். என் மனைவி பிப்புக்குக் கணையத்தில் கட்டி. கண்டுபிடித்துப் பதினோரு வாரத்தில் போய்விட்டாள். வயது முப்பத்திரண்டு. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகிறேன், நிலம் அளக்கிறேன், வீட்டுக்கு வருகிறேன். இவ்வளவையும் தலை நேராக வைத்துக்கொண்டே கேட்கலாம்.

இம்மி கேட்டாள், "அந்த ஆன்ட்டி யாரு?"

"தெரியல."

"ஏன் உன் கையப் பிடிச்சாங்க?"

"தெரியல. கண்ணாடியப் போடு."

நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி; அதில் முதல் மூன்று இடத்தில் வரும் பெண் குழந்தைகள் மாவட்ட அணிக்குப் போவார்கள். ஏப்ரலில் கிறைஸ்ட்சர்ச்சில் போட்டி. பச்சை மேல்சட்டை கொடுப்பார்கள். பிப் இதே வயதில் அந்த அணியில் இருந்தவள். நவம்பரில் ஒரு மாலை இம்மி பட்டாணியை முள்கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே, "நான் அந்த டீம்ல சேரணும்," என்றாள். அம்மா போனபின் அவள் வேண்டும் என்று சொன்ன முதல் விஷயம் அது. பிறந்தநாளுக்குக்கூட எதுவும் கேட்கவில்லை.

அதனால் மூன்று மாதம், வாரத்தில் நான்கு நாள் பயிற்சி. குளிர்ந்த தண்ணீரில் நீந்தினாள். நான் கரையில் எரிமலை நுரைக்கல் பொறுக்கிக்கொண்டு நின்றேன். மேட்டில் சைக்கிளை மிதித்தாள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். அந்த மேட்டை வேலைக்காக அளந்தவன் நான். அடியிலிருந்து உச்சிக்கு நாற்பத்தொரு மீட்டர். ஒன்பது வயதுக்கு அது அதிகம். அவளுக்குச் சைக்கிள்தான் பலவீனம். இருவருக்கும் அது தெரியும்.

எங்கள் கிளப்பில் காலில் கட்டி நேரம் பார்க்கும் சிப் எல்லாம் கிடையாது. ஒரு கடிகாரம், ஒரு அட்டை, ஒரு வாளி நிறைய மஞ்சள் ரப்பர் வளையங்கள். சைக்கிள் பாதை மூன்று சுற்று. மேட்டு உச்சியில் ஒருவர் நின்று, சுற்றுக்கு ஒன்றாக வளையம் கொடுப்பார். மணிக்கட்டில் மூன்று சேர்ந்தால்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட விடுவார்கள். பிப் சின்னவளாக இருந்தபோதும் இதே வாளிதான் என்று சொல்வார்கள்.

அன்று உச்சியில் நின்றவள் ட்ரூடி. பிப்போடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

சங்கு ஊதினார்கள். நாற்பது பெண் குழந்தைகள் தண்ணீருக்குள் ஓடினார்கள். கரையில் நாற்பது குடும்பங்கள் கத்தின. என் பக்கத்தில் ஒருவன் முழு சைக்கிள் உடையில் நின்றான். போட்டி அவனுக்கு இல்லை. அவன் மகளுக்கு. "கைய நீட்டு! கைய நீட்டுடீ!" என்று ஏரியைப் பார்த்து அலறினான். காதில் தண்ணீர் இருக்கும் பிள்ளைக்கு என்ன கேட்கும்? எனக்கு அவனைத் தண்ணீரில் தள்ள வேண்டும் போலிருந்தது. அந்த வருடம் யாரைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் கத்தவில்லை. எனக்குக் குரல் வருவதில்லை.

இம்மி ஐந்தாவதாகக் கரையேறினாள். உதடு நீலம். சைக்கிள்களைத் தொங்கவிட்டிருந்த கயிற்றடைப்புக்குள் ஓடி, ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டி, பிறகுதான் சைக்கிளைத் தொட்டாள். அதுதான் விதி. அறுபது தடவை பழகியிருந்தோம். என்னைப் பார்க்காமல் வெளியே போனாள். அதுவும் நாங்கள் பேசி வைத்ததுதான்.

அதன் பிறகு சாலை வளைந்து மறைந்துவிடும். மேடு கரையிலிருந்து தெரியாது. சுற்று முடித்து வருபவர்கள் நூறு மீட்டர் தூரத்தில் மரங்களுக்கிடையே ஒரு கணம் தெரிவார்கள், திரும்பிவிடுவார்கள். ஹெல்மெட்டுகள் எல்லாம் ஒரே வெள்ளை. நான் எண்ணிப் பார்த்தேன். கணக்குத் தப்பிவிட்டது. யாரோ ரொட்டியில் மடித்த சாசேஜ் ஒன்றை என் கையில் திணித்தார்கள். காசு வாங்கவில்லை. அவர்கள் என்னிடம் எதற்கும் காசு வாங்குவதில்லை.

முதலில் ஒரு உயரமான பெண் சைக்கிளோடு உள்ளே வந்தாள். பிறகு இன்னொருத்தி. அப்புறம் 57.

நான் கத்தினேன். "இம்மி! ஓடு! இம்மி!" கையிலிருந்த சாசேஜ் கீழே விழுந்தது. கயிற்றின் மேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு கத்தினேன். தொண்டை கிழிந்தது. பக்கத்தில் நின்ற சைக்கிள் உடைக்காரன் சற்று விலகி நின்றான்.

அவள் ஓடினாள். ஒன்றரை கிலோமீட்டர். பின்னால் ஒரு பெண் துரத்தி வந்தாள், தடித்த கறுப்புப் பின்னல், பல்லைக் கடித்துக்கொண்டு. கடைசி இருநூறு மீட்டரில் இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஆனால் இம்மி முந்திவிட்டாள். மூன்றாவது. ஒரு பாட்டி வயதுக்காரி அவள் கழுத்தில் ரிப்பனில் கட்டிய மெடலைப் போட்டாள்.

தூக்கினேன். கனத்தாள். என் சட்டையில் கறுப்பாக ஏதோ ஒட்டியது.

"கையில என்ன?"

"செயின் கிரீஸ்."

"செயின் கழண்டுச்சா?"

"ம்."

"நீயே மாட்டினியா?"

"ம்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"யோவ் பெரியவரே, இதெல்லாம் நல்லாருக்கா? அந்தப் பொண்ணு ரெண்டு தடவதான் ஏறுச்சு!"

நடுவரின் கூடாரத்தின் முன் ஆரஞ்சு வேலைச் சட்டை போட்ட ஒரு பெரிய ஆள் நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் கறுப்புப் பின்னல் பெண், இடுப்பில் கை வைத்து. நடுவர் லயால் எழுபது வயதுக்காரர். அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு வளையம் இருக்குப்பா. வளையம் இருந்தா கணக்கு சரி."

"வளையம் கெடக்கட்டும். நான் மேட்டுலதான் நின்னேன். என் பொண்ணு மூணு தடவ போனா. அம்பத்தேழு ரெண்டு தடவ போச்சு. எனக்கு எண்ணத் தெரியாதா? நான் லாரில மரம் ஏத்துறவன், நாள் பூரா எண்ணுறதுதான் வேல."

நான் அவன் முன்னால் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

"என் பொண்ண ஏமாத்துக்காரின்னு சொல்றியா?"

"நீ அவ அப்பனா? அப்ப உங்கிட்டயும் சொல்றேன். ரெண்டு."

"திரும்பச் சொல்லு."

"ரெண்டு. வேணும்னா விரல்ல காட்டட்டுமா?"

விரலில் காட்டினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். வாழ்க்கையில் நான் யாருடைய சட்டையையும் பிடித்ததில்லை. அவன் குனிந்து என் கையைப் பார்த்தான். பயப்படவில்லை. "எடு," என்றான். "கொழந்தைங்க பாக்குது."

எடுத்தேன். என் விரலில் கிரீஸ். இம்மியின் கையிலிருந்து என் சட்டைக்கு வந்தது, என் சட்டையிலிருந்து என் விரல் வழியே அவன் சட்டைக்குப் போயிருந்தது. ஓடும் சைக்கிளில் செயின் கழன்றால் ஒரு பெரியவனுக்கே இரண்டு நிமிடம் ஆகும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான்கு, ஐந்து. அவள் ஐந்தாவதாகக் கிளம்பினாள். ஐந்து நிமிடம் இழந்தாள். மூன்றாவதாக வந்தாள். சைக்கிளில் யாரையும் முந்தக்கூடிய பிள்ளை அல்ல அவள்.

நான் அளவையாளன். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். போடவில்லை, கத்திக்கொண்டிருந்தேன்.

ட்ரூடி மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் வாளி. என்னைக் கண்டதும் நடை தளர்ந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"எத்தன தடவ போனா?"

"கேலம், இங்க வேணாம், கொஞ்சம் தள்ளி வா."

"எத்தன?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ரோட்டோரமா குந்திக்கிட்டு இருந்தா. சைக்கிளக் கவுத்துப் போட்டு, கையெல்லாம் கறுப்பு. எல்லாரும் தாண்டிப் போறாங்க. அழல. அழுதிருந்தாக்கூட நான் சும்மா இருந்திருப்பேன். உதட்டக் கடிச்சுக்கிட்டு செயினச் சக்கரப் பல்லுல மாட்டுறா. அப்படியே பிப்புடா. என்னால முடியல."

"எத்தன?"

"ரெண்டாவது சுத்துல ரெண்டு வளையம் குடுத்தேன். ஒண்ணு சேத்து. அவ்வளவுதான்." அழத் தொடங்கினாள். "அந்தப் பச்சச் சட்டைய அவ போட்டுப் பாக்கணும்னு எனக்கும் ஆசையா இருக்காதா?"

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். கீழ இறங்கு, நேரா உள்ள போன்னு சொன்னேன்."

பிப்பின் கடைசி வாரத்தில் ட்ரூடி எங்கள் வீட்டுத் தரையில் படுத்து உறங்கியவள். அதையும் மீறி, வாளியை எட்டி உதைத்தேன். வளையங்கள் புல்லில் சிதறின. அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். நான் உதவவில்லை.

இம்மி அடைப்புக்குள் சைக்கிளின் அருகே உட்கார்ந்திருந்தாள். மெடலைச் சட்டைக்குள் போட்டிருந்தாள். போட்டி முடிந்துவிட்டதால் கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மூணாவது சுத்து போனியா?"

பெடலை விரலால் சுற்றிவிட்டாள்.

"இம்மி."

"நான் கேக்கல. ட்ரூடி ஆன்ட்டிதான் குடுத்தாங்க."

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்றியா?"

"என்ன?"

"எல்லாரும் லசான்யா செஞ்சு கொண்டு வராங்க. ஃபிரீசர் முழுக்க இருக்கு. உனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நீ தேங்ஸ்னு சொல்லி வாங்கி உள்ள வெக்கற. நம்ம புல்ல பக்கத்து வீட்டு மாமா வெட்டுறாரு, நீ ஜன்னல்ல நின்னு பாக்குற. ஸ்கூல்ல நான் பாதிதான் எழுதுனேன், மிஸ் ஃபுல் மார்க் போட்டாங்க. உங்கிட்ட காட்டுனேன். நீ சரின்னு சொன்ன." மூச்சு வாங்கினாள். "எல்லாரும் குடுக்குறாங்க. நாம வாங்கிக்கிறோம். அப்படித்தானே?"

ஒன்பது வயது. அவள் சொன்னதில் தவறாக ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பரீட்சைத்தாள் எனக்கு நினைவிருந்தது. பாதிப் பக்கம் காலி. கீழே சிவப்பில் முழு மதிப்பெண்ணும் ஒரு இதயமும். நான் அதை மடித்து மேசையில் வைத்தேன்.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆசிரியை, ட்ரூடி, புல் வெட்டுகிறவர், நான். செத்துப்போனவள் மேலும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"செயின நீயே மாட்டினேல்ல?" என்றேன்.

"ஆமா."

"அந்த மூணாவது மேட்டையும் ஏறியிருப்பியா?"

"ஏறியிருப்பேன்."

"எத்தனையாவதா வந்திருப்ப?"

யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. "பன்னண்டு. பதிமூணு."

"அப்ப பன்னண்டுதான் உன்னோடது. மூணு இல்ல."

"டீம்ல சேர முடியாது."

"முடியாது."

"இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் பெரிய பிரிவு. அங்க பதினோரு வயசுப் பொண்ணுங்கல்லாம் இருப்பாங்க. என்னால முடியவே முடியாது."

"தெரியும்."

"தெரிஞ்சே பண்றியா?"

"ஆமா. எந்திரி."

"அம்மாவா இருந்தா இப்படிப் பண்ண மாட்டாங்க," என்றாள். எனக்கு வலிக்கட்டும் என்று தெரிந்தே சொன்னாள். வலித்தது. கையைப் பிடித்து எழுப்பினேன். அவள் கையை உதறிவிட்டுத் தானாக நடந்தாள்.

கூடாரத்தின் முன் லயாலும் அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்ததும் நிறுத்தினார்கள்.

"அம்பத்தேழ அடிச்சிடுங்க," என்றேன். "ரெண்டு சுத்துதான் போனா."

லயால் அட்டையைத் திருப்பிப் பிடித்தார். "தம்பி, அவசரப்படாதே. நான் இதப் பேசி முடிச்சிட்டேன்."

"என்ன பேசி முடிச்சீங்க?"

"யாருக்கும் இதுல வருத்தம் இல்லப்பா. கொழந்த என்னென்னத்த எல்லாம் பாத்துட்டு வந்திருக்கு. ஒரு மெடல் தானே."

"மெடல் இல்ல. அணில ஒரு இடம்."

"அதான், ராவிரியும் சரின்னுட்டாரு."

ராவிரி என்பது அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரன். பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கால் மணி நேரத்துக்கு முன் என் முகத்தில் இரண்டு விரலை நீட்டியவன் தலையைச் சாய்த்தான்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றான். "நாங்க ஏரிக்கு அந்தப் பக்கம் தூராங்கிலருந்து வரோம். இப்பதான் சொன்னாங்க. அவ அம்மா... தெரிஞ்சிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். பாப்பாவே வெச்சுக்கட்டும். என் பொண்ணுக்கு அடுத்த தடவ வரும்."

அன்று முழுவதும் எனக்கு மிகுந்த கோபம் வந்த இடம் அதுதான். ட்ரூடியிடம்கூட இவ்வளவு வரவில்லை. அந்த ஏரிக்கரையில் என் மகளை இன்னொரு போட்டிக்காரியாகப் பார்த்தவன் இவன் ஒருவன்தான். அவள் எத்தனை சுற்று போனாள் என்று எண்ணியவன் இவன் ஒருவன்தான். அவனையும் கெடுத்துவிட்டார்கள்.

"உன் பொண்ணு மூணு தடவ ஏறுனாளா இல்லையா?" என்றேன்.

"ஏறுனா."

"அப்ப எதுக்கு விட்டுக் குடுக்குற? உனக்கு என்ன வந்துச்சு? முன்னாடி கத்துன மாதிரி கத்து!"

"நான் ஏங்க உங்ககிட்ட கத்தணும்..."

"சட்டையப் பிடிச்சேன்ல? கத்து!"

அவன் ஒரு அடி பின்னால் போனான். என் குரல் உடைந்திருந்தது. சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் இடுக்கியோடு திரும்பிப் பார்த்தார்கள். எல்லோர் முகத்திலும் அதே சாய்வு. லயால் என் தோளில் கை வைத்தார். தள்ளினேன்.

"எழுதுங்க. அம்பத்தேழு, விதி மீறல், நீக்கம். நீங்க எழுதலேன்னா நான் மாவட்டத்துக்கு எழுதுவேன். உங்க பேரையும் சேத்து எழுதுவேன்."

லயால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். ஒரு கோடு. அதன் மேல் இன்னொரு கோடு. கை நடுங்கியது. வயதாலா, என் மேல் கோபத்தாலா, தெரியவில்லை. கோபமாக இருந்தால் நல்லது.

இம்மி மெடலைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்துக் கழுத்திலிருந்து கழற்றினாள். ரிப்பன் காதில் மாட்டிக்கொண்டது. நான் எடுத்துவிடப் போனேன். "தொடாத," என்றாள். தானே எடுத்தாள். கறுப்புப் பின்னல் பெண்ணிடம் நீட்டினாள். மெடல் முழுக்கக் கிரீஸ் விரல் தடம்.

அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். பெயர் மையா என்று அவள் கைப்பட்டியில் எழுதியிருந்தது. மெடலைச் சட்டையில் ஒரு தடவை துடைத்தாள். நன்றி சொல்லவில்லை.

"நீ மூணாவது சுத்து போயிருந்தாலும் நான்தான் ஜெயிச்சிருப்பேன்," என்றாள்.

"செயின் கழலலேன்னா உன்னால முடிஞ்சிருக்காது," என்றாள் இம்மி.

"முடிஞ்சிருக்கும். நீ மேட்டுல ஆமை மாதிரி போற. நான் பாத்தேன்."

"நீ தண்ணில எங்க இருந்த? நான் வெளிய வந்தப்ப நீ இன்னும் உள்ள மொதந்துக்கிட்டு இருந்த."

"மொதக்கல! எனக்குக் கண்ணாடில தண்ணி போயிடுச்சு!"

"கண்ணாடி போடத் தெரியாதவல்லாம் ஏன் வர்றீங்க?"

"செயின் மாட்டத் தெரியாதவல்லாம் ஏன் வர்றீங்க?"

"தெரியும்! நான்தான் மாட்டினேன்!"

ராவிரி குனிந்து மகளின் தோளைப் பிடித்தான். "ஏய் மையா, சும்மாயிரு. அப்படியெல்லாம் பேசக் கூடாது, அந்தப் பாப்பா பாவம்..."

"பேசட்டும்," என்றேன்.

"இல்லங்க, அவளுக்குத் தெரியாது..."

"தெரிய வேணாம். விடு. பேசட்டும்."

அவன் கையை எடுத்தான். மையா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இம்மி பக்கம் திரும்பி, "ஆமை," என்றாள்.

இம்மி காதுவரை சிவந்து, கையை முறுக்கிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே போய் நின்றாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் முடிக்க நேரமாயிற்று.

காரில் அவள் என்னோடு பேசவில்லை. வியாழக்கிழமைவரை பேசவில்லை.